பங்குக்கு உரியவரும் பொறுப்புக்கு உரியவரும்

கம்பனியொன்றின் பெயர்ப்பலகையை வாசிப்போர் அதன் ஈற்றில் நிற்கும் 'லிமிற்றெட்' என்னும் சொல்லைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தமிழில் 'வரையறுத்தது' என எழுதப்படும் அச்சொல் பார்வைக்கு வெறும் ஒட்டுப்போலத் தோன்றும். ஆயினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் செல்வம் எவர் கையிற் சேர்ந்தது, அச்செல்வம் ஈட்டப்பட்டபோது விளைந்த தீங்குக்கு எவர் விடை கூறினார் என்னும் இரண்டு வினாக்களோடும் அது பின்னிக் கிடக்கின்றது. வரையறுக்கப்பட்டது யாது? கம்பனியின் வியாபாரமா, இலாபமா? இரண்டுமல்ல. வரையறுக்கப்பட்டது அதன் சொந்தக்காரரின் பொறுப்பேயாகும்.

கூட்டு வியாபாரத்தின் பழைய முறை விளங்குதற்கு எளிது. கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் இருவர் கூடி ஒரு கடை திறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடை முறிந்தால், கடன் கொடுத்தோர் கடையிலுள்ள சரக்கோடு நின்றுவிட வேண்டியதில்லை. இருவருடைய வீடு வளவு, தோட்டம் துரவு அனைத்தின்மீதும் அவர்கள் கைவைக்கலாம். வரையறுத்த கம்பனியின் நிலை வேறு. நூறு ரூபா பெறுமதியான ஒரு பங்கை முழுப் பணமும் செலுத்தி வாங்கியவர், அக்கம்பனி கோடி ரூபா கடன்பட்டு வங்குரோத்தானாலும், அந்த நூறு ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் இழக்க வேண்டியதில்லை. அவர் பெறக்கூடிய இலாபத்துக்கு மேல்வரம்பு இல்லை. அடையக்கூடிய நட்டத்துக்கு உண்டு.

இச்சலுகையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1855, 1856 ஆம் ஆண்டுகளிற் சாதாரணக் கம்பனிகள் யாவற்றுக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன்னர் அரச பட்டயமோ தனிச் சட்டமோ பெற்ற சிலருக்கே அது கிட்டியது. கடனை இறுக்காமற் தப்பும் வழியைச் சட்டமே காட்டுவதா என்று எதிர்த்தோர் பலர். ஆதரித்தோரின் வாதங்களுள் ஒன்று கவனத்துக்குரியது. 1850 ஆம் ஆண்டிலேயே ஒரு பாராளுமன்றக் குழு, நடுத்தர வகுப்பாரும் தொழிலாளரும் தம் சேமிப்பை எங்கே முதலிடலாம் என்று ஆராய்ந்திருந்தது. முழுப் பொறுப்பும் தலையில் விழும் என்றால் எந்தச் சிறு சேமிப்பாளன் துணிந்து ஒரு பங்கு வாங்குவான்? செல்வர் மட்டுமே தொழிலுக்கு உடைமையாளராக இருப்பர் அல்லவா? ஆகவே ஏழையின் பேரால் இக்கதவு திறக்கப்பட்டது. அக்கதவினூடே பின்னர் நுழைந்தோர் யாவர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முழுப் பொறுப்பு என்பது நடைமுறையில் எத்தகையது என்பதை அறிய, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கியின் வீழ்ச்சியைப்போலத் தெளிவான உதாரணம் வேறில்லை. 1839 இல் தோன்றிய அவ்வங்கிக்கு நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள் இருந்தன. வங்கிகள் பொறுப்பை வரையறுத்துக்கொள்ளச் சட்டம் 1858 இலேயே இடமளித்திருந்தும், ஸ்கொத்லாந்தின் வங்கிகள் பல அதனை நாடவில்லை. பங்குதாரரின் முழுச் சொத்தும் பின்னால் நிற்கிறது என்பதே வைப்பாளரின் நம்பிக்கைக்கு அடிப்படை என்று அவை கருதின. 1878 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிளாஸ்கோ வங்கி நூற்றுக்கு 12 வீதம் பங்கிலாபம் அறிவித்தது. அதன் 100 பவுண் முகப்பெறுமதியுள்ள பங்கு சந்தையில் 236 பவுணுக்கு விலைபோயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி வங்கி கதவடைத்தது.

கணக்கேடுகளைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. கடனாகக் கொடுத்த பணத்திற் பெரும்பகுதி, பணிப்பாளரோடு நெருங்கிய தொடர்புடைய நான்கு வியாபார நிறுவனங்களிடம் சிக்கியிருந்தது. திரும்பாத கடன்களைத் திரும்பக்கூடியன என்று எழுதி, வங்கியின் சொந்தப் பங்குகளை வங்கியின் பணத்தாலேயே வாங்கி விலையைத் தாங்கி, ஐந்தொகையை ஆண்டுதோறும் பொய்யாகத் தயாரித்திருந்தனர். குறைவு ஏறத்தாழ 60 இலட்சம் பவுண். அதனை நிரப்புவது யார்? பங்குதாரர். முதலில் ஒவ்வொரு 100 பவுண் பங்குக்கும் 500 பவுண் கேட்கப்பட்டது. அப்பணத்தைக் கட்டமுடியாமற் பலர் முறிந்தனர். எஞ்சியோரிடம் மேலும் 2,250 பவுண் கேட்கப்பட்டது. ஆக, நூறு பவுண் இட்டவர் இருபத்தேழரை மடங்கு கொடுக்க வேண்டியவரானார். பங்குதாரர் 1,819 பேருள் இறுதியிற் கடனாளியாகாமல் நின்றவர் 254 பேர் மாத்திரமே.

இவர்களுள் வங்கியின் உள்விவகாரம் அறிந்தவர் மிகச் சிலர். கைம்பெண்களும் மணமாகாத முதிய பெண்களும் குருமாரும் சிறு கடைக்காரரும் பட்டியலில் இருந்தனர். அதைவிடக் கொடுமை, பிறருக்காகப் பங்குகளைப் பொறுப்பில் வைத்திருந்த நம்பிக்கையாளரின் கதி. தமக்கென ஒரு பெனியும் இலாபம் பெறாத அவர்கள், பெயர் பதிவேட்டில் இருந்த காரணத்தால், தம் சொந்தச் சொத்திலிருந்து பணங்கட்ட வேண்டுமென 1879 இற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உறவினர் பிள்ளைகளின் நன்மைக்காகக் கையொப்பமிட்டவர் வீட்டை இழந்தார். பணிப்பாளருக்குக் கிடைத்த தண்டனையோ எட்டு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையான சிறை. வைப்பாளர் ஒருவரும் நட்டப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய பணம் முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வைப்பாளருக்கு நீதி கிடைத்தது. பங்குதாரருக்குக் கிடைத்ததை நீதி என்று சொல்ல நாக் கூசும். நாடெங்கும் மக்கள் அவர்களுக்காக நிவாரண நிதி திரட்டினார்கள்.

1879 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், எஞ்சிய வங்கிகளும் தம்மை வரையறுத்துக்கொண்டன. அது தவறென்று எவரும் இன்று வாதிடமாட்டார். அறியாமற் பங்கு வாங்கிய கைம்பெண்ணைத் தெருவில் விடும் சட்டம் நல்ல சட்டமாகாது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சொந்தக்காரரின் தோளிலிருந்து இறக்கிய சுமை காற்றிற் கரைந்துவிடுவதில்லை. அது வேறொருவர் தோளில் ஏறுகின்றது.

எவர் தோளில் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்றுண்டு. 1869 இற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அரித்துத் தின்றபின், அத்தோட்டங்களுக்குப் பணங்கொடுத்த ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே மாதத்தில் முறிந்தது. நாட்டிற் புழங்கிய நோட்டுகளிற் பெரும்பகுதி அவ்வங்கியினுடையது. கையில் நோட்டு வைத்திருந்த கடைக்காரனும் கூலிக்காரனும் கலங்கி நின்றபோது, தேசாதிபதி ஆதர் கோடன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பிணை என்று அறிவித்தார். கலகம் தவிர்ந்தது, அதன்பின் நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கிளாஸ்கோவிற் பங்குதாரரின் வீடும் நிலமும் நின்ற இடத்தில், கொழும்பிற் பொதுமக்களின் திறைசேரி நின்றது. பிற்காலத்திற் பல நாடுகளில் வங்கிகள் முறிந்தபோது அரசாங்கங்கள் கைகொடுத்த கதையெல்லாம் இந்த வழியில் வந்தனவே.

சிறு சேமிப்பாளனுக்கென்று திறந்த கதவினூடே நுழைந்தோர் யாவர் என்று இனிப் பார்க்கலாம். எவர் எவ்வளவு பங்கு வைத்திருக்கின்றார் என்னும் கணக்கு மிக விரிவாகக் கிடைக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு 1989 இல் நூற்றுக்கு 32 குடும்பங்கள் நேரடியாகவோ ஓய்வூதிய நிதி முதலியவற்றின் வழியாகவோ பங்குகளை வைத்திருந்தன. 2022 இல் அத்தொகை 58 ஆயிற்று. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் கம்பனிகளின் சொந்தக்காரர் என்று கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் தலைகளை எண்ணுவதை விட்டுப் பங்குகளை எண்ணினால் காட்சி மாறிவிடும். குடும்பங்கள் வைத்திருக்கும் பங்குகளின் பெறுமதியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பாகம், செல்வத்தில் உச்சியிலுள்ள பத்து வீதத்தினரிடம் இருக்கின்றது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்ந்து கிடைப்பது நூற்றில் ஒன்றளவே. பந்தியில் நூறு பேர் இருந்து ஐம்பத்தெட்டுப் பேருக்கு இலை போடப்பட்டது மெய். சோற்றுப்பானையோ பத்துப் பேர் முன்னால் இருக்கின்றது.

பங்கின் விலை ஏறும்போது இவ்வேற்றத்தாழ்வு தானே பெருகும். கூலியை மட்டும் நம்பியிருப்பவனுக்குச் சந்தையின் ஏற்றத்தால் ஒன்றும் இல்லை. பங்கிலாபத்தை உண்ணாமல் மீண்டும் பங்காக மாற்றக்கூடியவருக்கோ அது குட்டிபோட்டுக்கொண்டே இருக்கும். உழைப்பாலும் சிக்கனத்தாலும் சேர்த்தவர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சேமிக்க எஞ்சாத குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் போதிப்பதிற்றான் பொருளில்லை.

இங்கேதான் தனிமனிதப் பொறுப்பு என்னும் வினா கூர்மையடைகின்றது. தாம் பங்கு வைத்திருக்கும் கம்பனி ஆற்றிற் கழிவைக் கொட்டினால், தொழிலாளியை வஞ்சித்தால், பங்குதாரரிடம் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "என்னுடையது சிறு பங்கு, முகாமைக்காரர் செய்வதை நான் எப்படி அறிவேன்?" அமெரிக்க அறிஞர்களான பேளியும் மீன்ஸும் 1932 இல் வெளியிட்ட நூலில், பெருங் கம்பனிகளில் உடைமை ஓரிடத்திலும் ஆட்சி வேறோரிடத்திலும் பிரிந்து நிற்பதை விரிவாக எடுத்துக் காட்டினர். நூறு பங்கு வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் அவ்விடையைச் சொன்னால் அது உண்மை. கம்பனிக் கூட்டத்தில் வாக்குகள் தலைக்கொன்றாக எண்ணப்படுவதில்லை, பங்குக்கொன்றாக எண்ணப்படுகின்றன. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்குக்காரனும் நூறு பங்குக்காரனும் ஆளுக்கு ஒரு கையையே உயர்த்தலாம், கம்பனியில் அப்படியன்று. ஆகவே ஆசிரியரின் பொறுப்பு அவருடைய வாக்கைப்போலவே சிறிது. இல்லாமற் போய்விடவில்லை, சிறிது. ஆனால் ஆசிரியருக்குப் பொருந்தும் அதே விடையைப் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருப்பவரும் இரவல் வாங்கிச் சொல்லும்போது என்செய்வது?

அப்படிச் சொல்லப்பட்ட சந்தர்ப்பம் வரலாற்றில் உண்டு. 1984 டிசெம்பர் 2 ஆந் திகதி நள்ளிரவை ஒட்டி இந்தியாவின் போபால் நகரிற் பூச்சிமருந்துத் தொழிற்சாலையொன்றிலிருந்து ஏறத்தாழ 40 தொன் நச்சுவாயு கசிந்தது. நித்திரையிற் கிடந்த ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் கண்ணும் நுரையீரலும் கெட்டனர். தொழிற்சாலை யூனியன் கார்பைட் இந்தியக் கம்பனியினுடையது. அதன் பங்குகளில் 50.9 வீதம் அமெரிக்காவின் யூனியன் கார்பைட்டுக்கு உரியன. இந்தியக் கம்பனி தனியானதொரு சட்ட ஆள், அதனை நடத்தியோர் இந்தியர், தான் ஒரு பங்குதாரர் மாத்திரமே என்பது அமெரிக்கக் கம்பனியின் வாதங்களுள் ஒன்று. வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை; 1986 இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1989 இல் 47 கோடி டொலருக்குச் சமாதானம் செய்யப்பட்டது. கிளாஸ்கோவின் கைம்பெண்ணைக் காப்பதற்கெனக் கட்டிய சுவருக்குப் பின்னால், பாதிக்கு மேற்பட்ட உடைமையோடு, ஒரு பெருங் கம்பனி நின்றது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. எஞ்சிய 49.1 வீதத்தில் ஒரு பங்கு இந்திய அரசாங்கத்தின் நிதி நிறுவனங்களிடம் இருந்தது. அந்நிறுவனங்களிற் கிடந்த பணமோ ஆயுட் காப்புறுதி செய்தவர்களும் சிறு சேமிப்பாளரும் இட்டது. அவர்களுட் போபால் வாசிகளும் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது, சொந்தக்காரர் யார், பலியானவர் யார் என்ற கோடே மங்கிவிடுகின்றது.

அக்கோடு இலங்கையின் மலையகத்தில் ஒரு காலம் மிகத் தெளிவாக இருந்தது. கோப்பி அழிந்தபின் தேயிலை பரவியபோது, தனித் துரைமாரின் தோட்டங்கள் படிப்படியாகக் கம்பனிகளின் கைக்கு மாறின. இலண்டனிற் பதிவானவை ஸ்டேர்லிங் கம்பனிகள், கொழும்பிற் பதிவானவை ரூபாக் கம்பனிகள். 1896 இற் கொழும்பிற் பங்குத் தரகர் சங்கம் தோன்றியதும் இத்தோட்டப் பங்குகளை வாங்கி விற்பதற்கே. இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் இளைப்பாறியிருந்த ஒருவர், தாம் ஒருநாளும் காணாத மலைச்சரிவின் பங்கிலாபத்தைத் தபாலிற் பெற்றார். லயத்தின் ஒற்றை அறையோ, பிள்ளைக் காம்பராவோ அவர் பெற்ற ஐந்தொகையில் இல்லை; 'தொழிலாளர் செலவு' என்ற ஒரு வரி இருந்தது. 1973 இற் பிரித்தானியாவின் கிரனடாத் தொலைக்காட்சி, இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நிலையைப் படம்பிடித்துக் காட்டியபோதுதான், தேநீர் அருந்துவோரும் பங்கு வைத்திருப்போருமாகிய பலர் முதன்முறை அக்காட்சியைக் கண்டனர். அதற்கிரண்டு ஆண்டுகளின் பின், 1975 இல், கம்பனிகளின் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் சுவீகரித்தது.

அரசாங்க முகாமையும் நட்டத்தில் முடிந்தமையால், 1992 இற் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, தோட்டங்கள் குத்தகையாக ஒப்படைக்கப்பட்டன. 1995 முதல் அவற்றின் பெரும்பான்மைப் பங்குகள், 51 வீதம், தனியார் கைக்கு விற்கப்பட்டன. திறைசேரியின் செயலாளர் பெயரில் ஒரேயொரு 'பொற்பங்கு' நிறுத்தப்பட்டது. தோட்ட ஊழியருக்கு 10 வீதப் பங்குகள் இலவசமாக வழங்கப்பட்டன. கொழுந்து பறிப்பவரும் தோட்டத்தின் சொந்தக்காரர் ஆனார் என்று இதனைப் புகழலாம். புகழுமுன் ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். ஒரு கம்பனியில் 10,000 ஊழியர் இருப்பின், பத்து வீதத்தைப் பகிர்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது கம்பனியில் இலட்சத்தில் ஒரு பாகம். அவ்வுடைமையைக் கொண்டு தம் நாட்சம்பளத்தை அவர் ஒரு சதத்தாலும் உயர்த்த இயலாது. 2021 இற் சம்பளச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. ஊழியரின் கையில் இருந்த பங்குகள் எத்தனை எனினும், வழக்கிடும் தீர்மானம் அவர்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை.

உற்பத்திச் செலவு மிகுதி, விளைச்சல் குறைவு என்று கம்பனிகள் கூறுவதில் உண்மை உண்டு. தேயிலையின் விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கின்றதேயன்றிக் கம்பனி தீர்மானிப்பதில்லை. கேள்வி வேறு. ஐம்பத்தொரு வீதம் வைத்திருப்பவர் இன்னொரு கம்பனியாகவும், அதன் சொந்தக்காரர் வேறொரு கம்பனியாகவும் ஏணிப்படிபோல ஏறிச் செல்லுமிடத்து, லயத்தின் கூரை ஒழுகுவதற்கு எந்தப் படியில் நிற்பவர் விடை கூறுவார் என்பதே கேள்வி. சட்டம் ஒவ்வொரு படியிலும் ஒரு சுவர் கட்டியிருக்கின்றது. கடன்காரரைத் தடுக்கக் கட்டிய அச்சுவர் மனச்சாட்சியையும் தடுக்கும் என்று கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. வழக்கத்தில் அப்படிக் கொள்ளப்படுகின்றது.

உடைமை பலருடையதாகவும் ஆட்சி ஓரிடத்திலும் இருக்கும்போது பொறுப்பை ஏற்க முடியாது என்பார்க்கு நோர்வே நாடு ஒரு மறுமொழி. அதன் எண்ணெய் வருமானத்தாற் பெருகிய அரச ஓய்வூதிய நிதி, உலகின் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் பங்குகளிற் சராசரியாக ஒன்றரை வீதத்தை வைத்திருக்கின்றது. 2004 முதல் அதற்கு ஒழுக்க விதிகள் உள. தொழிலாளர் உரிமையை மீறிய காரணம் காட்டி 2006 இல் அமெரிக்காவின் வால்மார்ட் கம்பனியை அது விலக்கியது. 2019 இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. விலக்கப்படும் கம்பனிகளின் பெயரும் காரணமும் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. இதனாற் கம்பனிகள் யாவும் திருந்திவிட்டன என்பதற்கில்லை. ஆனால் தம் பேரால் எதில் முதலிடப்பட்டுள்ளது என்பதை அந்நாட்டுக் குடிமகன் ஒருவன் அறியலாம். அறிந்தபின் அதுபற்றித் தன் பிரதிநிதியிடம் சண்டையும் பிடிக்கலாம்.

இலங்கையில் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியும் அத்தகைய ஒரு பொதுப் பெட்டகமே. மாதந்தோறும் ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் அதிற் சேர்கின்றன. மத்திய வங்கி அதனை நிருவகிக்கின்றது. நிதியின் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் ஒரு சிறுபகுதி கொழும்புப் பங்குச் சந்தையின் கம்பனிகளிலும் முதலிடப்படுகின்றது. கட்டுநாயக்காவின் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் இருக்கும் பெண்ணும், வவுனியாக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இளைஞனும், ஒருநாளும் ஒரு பங்குத் தரகரைக் கண்டிராவிடினும், அக்கம்பனிகளில் ஏதோ ஒன்றின் மிகச் சிறு கூறுக்குப் பயனுரித்தாளராக இருக்கின்றனர். அவர்களுக்கு வரும் கணக்குக் கூற்றில் மீதியும் வட்டியும் எழுதப்பட்டிருக்கும். எந்தக் கம்பனியில் எத்தனை பங்கு என்பது அக்கடதாசியில் இராது. கம்பனிகளின் பொதுக்கூட்டத்தில் அப்பங்குகளுக்குரிய வாக்கு அவர்கள் பேரால் வேறொருவர் அளிப்பது. கூட்ட அழைப்பு அவர்களுடைய விலாசத்துக்கு வருவதில்லை.